இடையில் ஒன்றுமில்லை

இல்லை, நீ எங்கே இருக்கிறாய் என்று யாரும் சொல்லித் தெரியவில்லை. இலக்கத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி இரண்டு தடவை அடித்து நின்றது. திரையில் 228. அதற்குப் பின்னால் இருந்த எண்களை நான் வாசிக்கவில்லை. பதினொரு மாதம் அந்த மூன்று எண்ணில் தொடங்கும் இலக்கம் ஒன்றில்தான் உன் அப்பா எங்களை அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாட்டை விட்டு வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அதன் இலக்கம் விரல்களில் இருக்கிறது. முகங்கள் அப்படி இருப்பதில்லை.

அன்று பின்னேரம் வழக்கம்போல உன் பிரெஞ்சு இலக்கத்திலிருந்து எடுத்தாய். லியோனில் புதிய வேலை எப்படி என்று கேட்டேன். "பரவாயில்லை அம்மா" என்றாய். அங்கே மழையா என்று கேட்டேன். "ஓம், கொஞ்சம்." உனக்குப் பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் போனது. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு. பிறகு ஒரு சேவல். லியோனில் சேவல் கூவக்கூடாது என்று சட்டமில்லை. நீ சரளமாகச் சொன்னாய், இடறவில்லை. இவன் பொய் சொல்ல எங்கே பழகினான் என்று ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு, எங்கே பழகினாய் என்பது ஞாபகம் வந்தது.

நீ என்னை ஏமாற்றினாய். அதை முதலில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். கார் து லியோன் ரெயில் நிலையத்தில் உன்னை ஏற்றிவிட நானும் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாய். வழியில் சாப்பிட இடியப்பம் கட்டித் தந்தேன். அதை ரெயிலில் சாப்பிட்டதாகச் சொன்னாய். நீ ரெயிலில் ஏறவேயில்லை. அந்த இடியப்பத்தை ரூவாசி விமான நிலையத்தில் வைத்துச் சாப்பிட்டாயா, எறிந்தாயா, அதைச் சொல். அது ஒன்றையாவது சொல்.

மறுநாள் உனக்கு மூன்று எண்களை மட்டும் அனுப்பினேன், ஒரு கேள்விக்குறியோடு. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ்: "அப்லா இருக்கிறா. அவவின்ரை போனிலை இருந்துதான் அண்டைக்கு எடுத்தனான். போய்ச் சேர்ந்த செய்தியை ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

அதற்குத்தான் இந்தக் கடிதம். மூடிய கடிதமாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யை நான் எல்லோருக்கும் சொன்னேன். பாரிசில் லா ஷப்பலின் எந்தத் தமிழ்க் கடைக்குள் போய்க் கேட்டாலும், நாங்கள் கொழும்பிலிருந்து நேரே வந்தவர்கள் என்று சொல்வார்கள். அதே கடைகளில் கிடக்கும் பத்திரிகையில் இதையும் வாசிக்கட்டும். பெயர் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நீ போன பிறகு உன் அறையைக் கூட்டும்போது அச்சு இயந்திரத்தில் இரண்டு தாள்கள் கிடந்தன. பிரெஞ்சில். மேலே தோகோ என்று பெரிய எழுத்தில், அந்த 228க்கு உரிய நாடு. கீழே ஒரு நாட்டைப் பற்றி யாரும் இரண்டு பக்கத்தில் சொல்லக்கூடியது எல்லாம். உனக்கு லியோனில் எதற்குத் தோகோ என்று நான் அப்போது யோசிக்காததற்குக் காரணம், யோசிக்க விரும்பாததுதான். தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள் என்பது உனக்கு ஒரு தகவல் மட்டும். எங்கள் முதலாம் ஆண்டுப் பயிற்சியே இதுதான். ஒரு நாட்டின் பெயரைத் தருவார்கள். பரப்பு, எல்லை, மழை, சனத்தொகை, ஏற்றுமதி, வரலாறு. எழுதுகிறவர் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இருந்தவர்கள் தேவையில்லாததை எழுதிவிடுவார்கள்.

உன் தாளை ரெயிலில் நின்றபடி நாலைந்து நாள் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஐம்பத்தாறாயிரம் சதுர கிலோமீற்றர் சொச்சம். இலங்கையைவிடச் சற்றுச் சிறியது. மேற்கே கானா, கிழக்கே பெனின், வடக்கே புர்க்கினா ஃபாசோ. கடற்கரை ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். நிலம் உள்ளே நீண்டு போகிறது, ஒரு கதவிடுக்குப் போல. ஏற்றுமதி பொசுபேற்றுக் கனிமம், பருத்தி. முதலில் ஜெர்மனி. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சும் பிரித்தானியாவும் அதை நெடுக்காகக் கிழித்து ஆளுக்கொரு பகுதி எடுத்துக்கொண்டார்கள். மேற்குத் துண்டு பின்னால் கானாவோடு போய்விட்டது. மிச்சம் 1960இல் சுதந்திரம். தலைநகரம் லோமே, எல்லையிலேயே இருக்கிறது. சந்தைக்குப் போகிறவர் தவறுதலாக வேறு நாட்டுக்குப் போய்விடலாம். இந்தக் கடைசி வரி தாளில் இல்லை. அது என்னுடையது.

இனித் தாளில் இல்லாதவை.

2009இல் போர் முடிந்து சில மாதம் கழித்து, உன்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். உனக்கு ஏழு வயது. உன் அப்பா அதற்கு நான்கு வருடம் முன்பே பாரிசுக்கு வந்து ஒரு உணவகத்தின் அடுப்படியில் நின்றார். அவர் பிடித்துத் தந்த ஏஜென்சிக்காரன் எங்களை லோமேயில் இறக்கி, இரண்டு கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு, "பத்து நாள், அக்கா. பத்தே பத்து நாள்" என்றான். நல்ல சிரிப்பு. எங்களோடு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கேயோ போனார்கள். பிறகு அவனும் போய்விட்டான். ஒரு காலை வீட்டுக்காரர் வந்து பூட்டை மாற்றினார். நீயும் நானும் ஒரு பயணப்பையும் வாசலில். வாசலில் ஒரு பெண் சோறும் பயறும் கலந்து அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். தினமும் அவளிடம் வாங்கியிருக்கிறோம். சைகையைத் தவிரப் பேச்சு இருந்ததில்லை. அவள் எங்களைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். பானை காலியாகும்வரை எங்களைக் காத்திருக்க வைத்தாள். பிறகு பானையை என் தலையில் தூக்கி வைத்து, பயணப்பையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள்தான் அப்லா. இதை நீ மறந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மறந்திருக்க வேண்டும் என்று நான்தான் விரும்பினேன்.

அந்த ஊரில் பிறந்த கிழமையே பெயர். செவ்வாயில் பிறந்ததால் அவள் அப்லா. நீ பிறந்தது என்ன நாள் என்று விரலை மடித்து மடித்துக் கேட்டாள். புதன் என்றேன். "கொக்கு" என்றாள். நீ என் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவவுக்கு எப்பிடி என்ரை கால் தெரிஞ்சது?" என்றாய். அப்போது உனக்குக் கால் இரண்டும் ஈர்க்குப் போல. நான் விளக்கவில்லை. எனக்கே இரண்டு கிழமை கழித்துத்தான் விளங்கியது, புதனில் பிறந்த ஆண் எல்லோருக்கும் அங்கே அந்தப் பெயர் என்று. தெருவில் யாராவது கொக்கு என்று கூப்பிட்டால் நீ உட்பட நான்கு பேர் திரும்புவீர்கள்.

இன்னொன்று. வெளியே போய் வருகிற எவரையும் அவள் ஒரே சொல்லால் வரவேற்பாள். பிரெஞ்சில், நல்லபடி வந்து சேர்ந்தாய் என்று பொருள். உன் காதில் அது "பொன் அறிவே" என்று விழுந்தது. ஆச்சி தமிழ் கதைக்கிறா என்று துள்ளிக் குதித்தாய். அவளுக்கு அப்போது நாற்பதுகூட இராது. ஆச்சி என்றால் என்ன என்று கேட்டாள். அக்கா என்று பொருள் சொன்னேன். அது நான் அவளுக்குச் சொன்ன முதற்பொய். கிணற்றடிக்குப் போய் வந்தாலும் பொன் அறிவே. உனக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்த அன்று, மோட்டார்சைக்கிளில் தனக்கும் ஓட்டுபவனுக்கும் நடுவில் உன்னை இறுக்கி வைத்துக் கொண்டுபோய் மருந்து எடுத்து வந்தவள் அவள். நான் வாசலில் நின்றேன். எனக்கு இடமிருக்கவில்லை. திரும்பி வந்து உன்னை இறக்கியபோது வாயே திறக்காமல் கிடந்த நீ, கண்ணை மூடியபடி, "பொன் அறிவே" என்றாய், உனக்கு நீயே. அவள் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் நின்றுகொண்டு அழுதேன்.

என் பிரெஞ்சு அவளிடம் பழகியது. இதுவும் தாளில் இல்லை.

ஜனவரியில் வடக்கே பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று வரும். வானம் மாவாகிவிடும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம், ஒரு வெள்ளை வட்டமாக. நீ காலையில் படியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாய். "அம்மா, இண்டைக்குச் சூரியன் சுடாது, தொடலாம்." இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், திரும்ப வருவேன்.

உன் அப்பா வேறொரு ஆளைப் பிடித்தார். புறப்படும் நாளில் அப்லா ஒன்றுதான் கேட்டாள். போய்ச் சேர்ந்ததும் சொல். கடிதம் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு சொல். சேர்ந்துவிட்டோம் என்று. தன் இலக்கத்தை ஒரு துணித்துண்டில் எழுதி என் சட்டையின் உட்பக்கத்தில் தைத்துத் தந்தாள். இலக்கத்தை மாற்ற மாட்டேன் என்றும் சொன்னாள். மாற்றவில்லை போலிருக்கிறது.

விமானத்தில் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பச் செய்தேன், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி.

"எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேட்டால்?"

"கொழும்பு."

"எப்பிடி?"

"நேரை."

"இடையிலை?"

"இடையிலை அப்லா ஆச்சி."

"இல்லை. இடையிலை?"

மூன்றாவது தடவைதான் சொன்னாய். "இடையிலை ஒண்டுமில்லை." நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினேன். நேர் என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள். இரண்டையும் ஒரே வேளையில் உனக்குக் கெடுத்துத் தந்தேன்.

அந்தச் சொல் என் கண்டுபிடிப்பு அல்ல. அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதித் தருபவர் ஒருவர் லா ஷப்பலில் ஒரு கடையின் பின்னறையில் இருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே உன் அப்பா அவரோடு பேசி, அந்தச் சொல்லைத் தொலைபேசியில் எனக்குச் சொல்லிவிட்டார். வந்தபின் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரை உறிஞ்சியபடி கேட்டுவிட்டுச் சொன்னார். "தங்கச்சி, ஆபிரிக்காவை வெட்டுங்கோ. இடையிலை ஒரு நாட்டிலை இருந்தனீங்கள் எண்டால் உவங்கள் அங்கையே போய்க் கேளுங்கோ எண்டு திருப்பி விட்டிடுவாங்கள். நேரை வந்தனீங்கள்." பதினொரு மாதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "வவுனியாவிலை வைப்பம்" என்றார், ஒரு கதிரையை நகர்த்துவது போல. வவுனியாவில் எங்களுக்கு ஒரு மாமா வீடு கிடைத்தது. கிணறு, மாமரம், நீ போகாத ஒரு பள்ளிக்கூடம். அந்த மாமா இறந்துபோனதாகவும் எழுதினார். பாவம், நல்ல மனிதராக இருந்திருப்பார்.

உன் அப்பாவைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. வந்த அன்று அவர் சமைத்து வைத்திருந்தார். மூன்று கறி. நீ அவர் மடியில் சாப்பிடாமலே நித்திரையாகிவிட்டாய். தொலைபேசியில், ஒரு வீட்டில் இருக்கிறோம் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அங்கை ஆரோடை இருந்தனி?"

"ஒரு பொம்பிளையோடை."

"பேர்?"

"அப்லா."

கோப்பைச் சோற்றில் விரலால் ஒரு கோடு கீறினார். "அது பொம்பிளையின்ரை பேரோ?"

நான் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அது ஒரு பதில் ஆகியிருக்கும். "சனத்துக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார். "காப்பிலி நாட்டிலை தனிய நிண்டவள் எண்டு ஒரு கதை வேண்டாம். உனக்காகத்தான் சொல்லுறன்." ஆபிரிக்கரைச் சொல்லும் அந்த அசிங்கமான சொல்லை முதல் தடவை அந்த மேசையில்தான் கேட்டேன் என்றில்லை. ஊரிலும் கேட்டதுதான். ஆனால் அது அப்லாவுக்கும் உரியது என்று அன்றுதான் உறைத்தது. காய்ச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. பூட்டு மாற்றியதைப் பற்றிக் கேட்கவில்லை. பதினொரு மாதம் ஒருத்தி எங்கே இருந்தாள் என்பது எங்கள் சனத்துக்கு ஒரு கேள்வி. வவுனியா என்பது அதற்கு விடை. லோமே என்பது இன்னும் பெரிய கேள்வி. அடுத்த நாள் சட்டையின் உட்பக்கத்துத் தையலைப் பிரித்துத் துணித்துண்டைக் குப்பையில் போட்டேன். அவர் சொல்லிப் போடவில்லை. நானாகத்தான்.

இனிச் சூரியன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இப்போதும் இருக்கும் அதே வீடு, நீ படித்த கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளி. வரலாறு புவியியல் பாடத்தில் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கித் தந்தார்கள். உனக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்று வந்து சொன்னபோது நான் கறி தாளித்துக்கொண்டிருந்தேன். "ஆ, அது எங்கையிருக்கு?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாய். பரப்பு, எல்லை, பொசுபேற்று என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினாய். காலநிலைக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதினாய்: ஜனவரியில் சூரியனைத் தொடலாம் போலிருக்கும். அந்த இளம் ஆசிரியை எங்கே வாசித்தாய் என்று கேட்டிருக்கிறார். வாசிக்கவில்லை, அங்கே இருந்தேன், என் பெயர் கொக்கு என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருக்கிறாய்.

ஆசிரியை குறிப்புப் புத்தகத்தில் எழுதி அனுப்பினார். திட்டி அல்ல. அழகான கையெழுத்தில், உங்கள் மகனின் அனுபவம் வகுப்புக்குப் பெரிய செல்வம், நீங்களும் வந்து பேச முடியுமா என்று. உன் வகுப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று இருந்தது. அதன் தாய் லா ஷப்பலில் ஒரு புடவைக்கடையில் நின்றாள். நான் அடுத்த நாளே பள்ளிக்குப் புறப்பட்டேன். மொழிபெயர்க்க உன்னையே கூட்டிக்கொண்டு போனேன். எங்களில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தானே செய்கிறோம். மருத்துவரிடம் எங்கள் வயிற்று நோயை, நகரசபையில் எங்கள் கடனை, எல்லாவற்றையும் பிள்ளைகளின் வாயால்தானே சொல்கிறோம்.

ஆசிரியை எழுந்து நின்று கைகொடுத்தார். சுவரில் தோகோவின் தேசப்படத்தை மாட்டி வைத்திருந்தார், எனக்காக.

"அம்மா, நீங்கள் எப்ப வந்து கதைப்பீங்கள் எண்டு கேக்கிறா."

"சொல்லு, பொய் எண்டு."

"என்னது?"

"நீ சொன்னது. இவன் பொய் சொல்லுறான் எண்டு சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். நீ வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வேலை, வர நேரமில்லை என்று. எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நீயும் நம்பினாயோ தெரியாது. ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நீ ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. என் அம்மா சொல்கிறார், நான் பொய் சொல்கிறேனாம்.

"நாங்கள் கொழும்பிலை இருந்து நேரை வந்தனாங்கள்."

சொன்னாய்.

"இடையிலை ஒண்டுமில்லை."

"அதையும் சொல்லவோ?"

"சொல்லு."

சொன்னாய். ஆசிரியை உன்னைப் பார்த்து மெதுவாக, அப்படியானால் அந்தச் சூரியன், என்று கேட்டார். அதை நீ எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் விளங்காததுபோல நின்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். பிறகு கேட்டாய், உண்மையாகவே அறிய விரும்புகிறவன் போல: "அம்மா, நான் வடிவா மொழிபெயர்த்தனானோ?"

ஓம் என்றேன்.

காகிதங்களுக்குப் பயந்து செய்தேன் என்றுதான் நீ இதுநாள்வரை நினைத்திருப்பாய். அப்படி நினைத்து என்னை மன்னித்தும் இருப்பாய். அந்த மன்னிப்பை நான் இனியும் வைத்திருக்க முடியாது. எங்களுக்கு அகதி அட்டை கிடைத்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனபோது என் மனதில் இருந்தது புடவைக்கடைக்காரியின் வாயும் உன் அப்பாவின் மேசையும்தான். அது பொம்பிளையின்ரை பேரோ. அந்த ஒரு கேள்வி இன்னொரு வாயிலிருந்து வரக்கூடாது என்பதற்காக உன்னைப் பொய்யன் ஆக்கினேன், உன் வாயாலேயே.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிய வருடம், கட்டணமில்லாமல் படிவம் நிரப்பித் தரும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவரிடம், தெரிந்த ஒரு பெண்ணின் கதை என்று சொல்லி இதைக் கேட்டேன். வழியில் ஆபிரிக்காவில் ஒரு வருடம் மாட்டிக்கொண்டதைச் சொல்லாமல் விட்டாள், சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அதனால் என்ன?" என்றார். அங்கே அவளுக்கு யாரும் பாதுகாப்புத் தரவில்லையே, கடந்துதானே வந்தாள், சொல்லியிருக்கலாமே. அவ்வளவுதான். தேவையே இல்லாத பொய். பின்னறையில் தேநீர் குடித்தவரும் நாங்களும் சேர்ந்து எங்களுக்குள்ளேயே உண்டாக்கிய சட்டம். அதற்காக நீ உன் வாழ்க்கையில் பதினொரு மாதத்தைக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். பதினெட்டு வயதில் நீயே கேட்டாய், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, பிரெஞ்சில்: என் தலைக்குள் ஒரு வீடு இருக்கிறது, நீலக் கதவு, அது எங்கே? கனவு கண்டிருப்பாய் என்றேன். நீ தலையாட்டினாய். இன்று யோசிக்கும்போது, நீ அன்று கதவைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பரீட்சித்தாய். நான் தவறிவிட்டேன். அதன் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. நல்ல மகனாக இருந்தாய். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று இப்போது விளங்குகிறது.

கடைக்குத் தினமும் ஆபிரிக்கப் பெண்கள் வருகிறார்கள், மரவள்ளிக்கும் வாழைக்காய்க்கும். ஒருநாள் ஒருத்தி மிச்சக் காசை வாங்கிக்கொண்டு, "அக்பே" என்றாள். லோமேயில் நன்றிக்கு அதுதான் சொல். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் முதலாளி அண்ணை நின்றார். "என்னவாம்?" என்றார். "என்ன பாசையோ தெரியாது அண்ணை" என்றேன். அவள் போன பிறகும் நான் வெங்காயத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ போய்ச் சரிபார்த்துவிட்டாய். வீடு இருக்கிறது, கதவு இருக்கிறது, அவள் இருக்கிறாள். உன் தலை சரியாகத்தான் இருந்திருக்கிறது. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை ஆறு மணிநேரத்துக்கு மேல் பறந்துபோய்த் தெரிந்துகொண்டாய். எனக்கு வலிப்பது அதுதான். நீ போனது அல்ல. என்னை நம்பாமல் போனதும், நம்பாமல் போனது சரியாக இருப்பதும்.

தாய் மகனுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு எதிரான வாக்கியத்தை நீயே மொழிபெயர்த்துக் கொடுக்காதே. சொல்வது யாராக இருந்தாலும். அன்று நீ பிழையாக மொழிபெயர்த்திருக்க வேண்டும். நான் அதைச் சந்தோசமாக விளங்காமல் இருந்திருப்பேன்.

அப்லாவுக்கு என்ன சொல்ல என்று கேட்டாய். ஒன்றும் சொல்லாதே. இனி உன்னை என் வாயாக வைத்திருக்க மாட்டேன். நீ திரும்பி வருவாயா, வந்து இந்த வீட்டுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு இதை நேற்று வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்திருந்தார், அணைக்கவில்லை. முடிந்ததும், "பெடியனுக்கு அங்கை சாப்பாடு சரியோ?" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் எடுக்க என்னால் முடியவில்லை. நீ எடுத்துப் பார்.

இன்று செவ்வாய். அண்ணையிடம் பாதி நாள் லீவு கேட்டேன். கொலேஜுக்குப் போனேன், தனியாக. அந்த ஆசிரியை மாற்றலாகிப் போய் நாலு வருடமாம். வரவேற்பில் இருந்த பெண், செய்தி இருந்தால் அனுப்பி வைக்கிறேன் என்று ஒரு மஞ்சள் தாளை எடுத்தாள். உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கொக்கு என்றும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். என் மகன் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், அந்தச் சூரியன் உண்மை என்று சொன்னேன். அவள் எழுதி முடித்து நிமிர்ந்து, உங்கள் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது, எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். லோமேயில் என்றேன். பிறகு ரெயில் நிலையத்துக்கு நடந்துபோய், மேடையில் ஆளில்லாத ஒரு பக்கமாக நின்று, தவறிய அழைப்பின் இலக்கத்தை அழுத்தினேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். சேர்ந்துவிட்டோம் என்று சொன்னேன்.